மின்முனையில் பிறக்கும் வெளிச்சம்: ஆலன் பார்ட் பற்றி

அமெரிக்க வேதியியலாளர் ஆலன் பார்ட் 2024 பிப்ரவரி 11 அன்று காலமானார், வயது 90. மின்சாரமும் வேதி மாற்றமும் சேரும் இடமான மின்வேதியியலைப் படித்தவர்களுக்கு அவர் வீட்டுப் பெரியவர் மாதிரி, ஆனாலும் தமிழில் அவரைப் பற்றி நான்கு பக்கம் சேர்ந்தாற்போல் படிக்கக் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை. நான் ஆந்திர எல்லையிலுள்ள நகரி என்ற ஊரில் டிகிரி பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளர்கிற எல்லைப் பிள்ளைகள். மின்கலத்தின் மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாடு வந்தால் போதும், பாதி வகுப்பு ஜன்னல் வழியாக வெளியே பார்க்கும். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது பார்டின் கதையைத்தான்.

வாழ்க்கைக் குறிப்பு சுருக்கமானதுதான். 1933 டிசம்பரில் நியூயார்க்கில் பிறந்தார். அங்கேயே சிட்டி காலேஜில் பட்டம், பிறகு ஹார்வர்டில் லிங்கேன் என்ற பகுப்பாய்வு வேதியியலாளரிடம் ஆராய்ச்சி, 1958-இல் டாக்டர் பட்டம். அதே வருடம் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், 2021-இல் ஓய்வு பெறும் வரை வேறு எங்கும் போகவில்லை. அறுபது வருடத்துக்கு மேல் ஒரே ஊர், ஒரே துறை. மின்முனைக்கும் (கரைசலுக்குள் மின்சாரம் கொண்டுபோகும் கடத்தி) கரைசலுக்கும் நடுவில் எலெக்ட்ரான் என்ன செய்கிறது, அதில் வெளிச்சம் எங்கே வந்து சேர்கிறது என்ற கேள்வியை அவர் கடைசி வரை விடவில்லை.

அந்த வெளிச்சத்தைப் பற்றித்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். டைபீனைல் ஆந்த்ரசீன் என்று ஒரு சேர்மம் இருக்கிறது. அதைத் தகுந்த கரைப்பானில் கரைத்து, பிளாட்டினம் மின்முனையை உள்ளே விட்டு, மின்னழுத்தத்தை எதிர்மின் (மைனஸ்) பக்கம் கொண்டுபோனால் மூலக்கூறு ஒரு எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். சட்டென்று நேர்மின் (பிளஸ்) பக்கம் திருப்பினால், பக்கத்திலிருக்கும் இன்னொரு மூலக்கூறு தன் எலெக்ட்ரான் ஒன்றை இழக்கும். கூடுதலாக வைத்திருப்பதும் குறைவாக வைத்திருப்பதும் மின்முனையை ஒட்டிய அந்த மெல்லிய இடத்தில் சந்திக்கும்போது எலெக்ட்ரான் இங்கிருந்து அங்கே தாவுகிறது. அந்தத் தாவலில் வெளியாகும் ஆற்றல் ஒரு மூலக்கூறை ஆற்றல் கூடிய கிளர்வு நிலைக்குத் தூக்கிவிடுகிறது, அது இறங்கி வரும்போது நீல வெளிச்சம் வருகிறது. விளக்கு இல்லை, நெருப்பு இல்லை, கம்பி சூடாகவும் இல்லை.

1964, 65 வாக்கில் இரண்டு மூன்று ஆய்வுக்கூடங்கள் தனித்தனியாக இதைக் கண்டன. அதில் ஒன்று ஆஸ்டின். 1965-இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் இதழில் வந்த அந்தக் கட்டுரையில் பார்டின் பெயருக்கு முன்னால் இருக்கும் பெயர் கே.எஸ்.வி. சந்தானம்! பிற்பாடு மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய அதே சந்தானம்தான். வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும்தான்.

சரி, வெளிச்சம் வந்தது, அதனால் யாருக்கு என்ன பயன்? அன்றைக்குப் பயன் என்று ஒன்றும் இல்லை. 1972-இல் பார்டின் குழு ருத்தேனியம் என்ற உலோகத்தோடு மூன்று பைபிரிடின் மூலக்கூறுகள் சேர்ந்த ஒரு சேர்மத்தை இதே மாதிரி ஒளிர வைத்தது, இந்த முறை ஆரஞ்சு கலந்த சிவப்பு. 1981-இல் ஆக்சலேட்டைத் துணைக்குச் சேர்த்து அதைத் தண்ணீரிலேயே ஒளிர வைத்தார்கள். எனக்கு எல்லாவற்றையும் விட இதுதான் பெரிய திருப்பம். அதுவரை நீர் துளியும் படாத கரைப்பான் வேண்டும், காற்றில் இருக்கும் ஆக்சிஜன் உள்ளே வரக்கூடாது என்று ஆயிரம் கட்டுப்பாடு. தண்ணீரில் ஒளிரும் என்று ஆனபிறகுதான் ரத்தத்தின் பக்கம் போக வழி பிறந்தது.

திருத்தணியில் இருக்கிற என் சித்திக்குத் தைராய்டு. லேப் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, "ஏம்பா, டிஎஸ்எச்சுக்குக் கீழ சின்னதா என்னமோ போட்டிருக்கே, அது என்ன புது வியாதியா?" என்று கேட்டார். பார்த்தால் 'இசிஎல்ஐஏ' என்ற எழுத்துகள், இதே மின்வேதி ஒளிர்வை வைத்துச் செய்யும் பரிசோதனையின் ஆங்கிலச் சுருக்கம். "வியாதி இல்ல சித்தி, டெஸ்ட் பண்ண முறையோட பேரு" என்றேன். அப்புறம் அந்தக் கருவிக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் இருக்கும் டிஎஸ்எச்சை, அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை, இரண்டு ஆன்டிபாடிகள் (குறிப்பிட்ட பொருளை மட்டும் பிடிக்கும் புரதங்கள்) இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். ஒன்றின் வாலில் ருத்தேனியம் சேர்மம் கட்டியிருக்கும். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத காந்த மணிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். கலவை மின்முனைக்கு மேலே வந்ததும் அடியிலிருக்கும் காந்தம் மணிகளைப் பிடித்து வைக்கிறது, ஒட்டாத மிச்சத்தைக் கழுவி விடுகிறார்கள். பிறகு, ஆக்சலேட் மாதிரியே துணைக்கு நிற்கும் ட்ரைபுரொப்பைல் அமீன் சேர்ந்த கரைசலில் மின்னழுத்தம் கொடுத்தால் ருத்தேனியம் ஒளிர்கிறது. எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு டிஎஸ்எச். வெளியிலிருந்து விளக்கு அடித்துப் பார்க்கும் முறையில் அந்த விளக்கின் வெளிச்சமே தொந்தரவு செய்யும். இங்கே சுற்றிலும் கும்மிருட்டு என்பதால் மிக மிகக் குறைந்த அளவு கூடச் சிக்கிவிடும். ரோஷ் நிறுவனத்தின் கருவியில் டிஎஸ்எச்சுக்கு ஆகும் நேரம் 18 நிமிடம். மாரடைப்பு சந்தேகத்தில் பார்க்கும் ட்ரோபோனின் என்ற புரதமும் இதே முறையில் பார்க்கப்படுகிறது. 1965-இல் இருட்டறையில் தெரிந்த நீல ஒளிதான் முப்பது வருடம் நடந்து இந்த ரிப்போர்ட் வரைக்கும் வந்திருக்கிறது. "பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சு என்ன ஆகப்போகுது" என்று பிள்ளைகளை அழ வைக்கும் பெற்றோர்களிடம் நான் எடுத்துக் காட்டுவது இந்தத் தாளைத்தான்.

பார்டின் இன்னொரு வேலை எங்கள் ஊருக்கு நேரடியாகச் சொந்தம். நகரியிலும் ஏகாம்பரகுப்பத்திலும் எந்தத் தெருவில் நுழைந்தாலும் தறிச் சத்தம். தறி இருந்தால் சாயம் இருக்கும், சாயம் இருந்தால் சாயத் தண்ணீரும் இருக்கும். 1972-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஹோண்டாவும் ஃபுஜிஷிமாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனை மேல் ஒளி பட்டால் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரியும் என்று காட்டினார்கள். பார்ட் அதை எடுத்துக்கொண்டு, மின்முனை எதற்கு, கம்பி எதற்கு, அதே பொருளைப் பொடியாகவே தண்ணீரில் போடலாமே என்று யோசித்தார். ஒவ்வொரு துகளும் தனக்குத்தானே ஒரு குட்டி மின்கலம்: ஒளி பட்டதும் துகளின் ஓரிடத்தில் எலெக்ட்ரான் வெளியே போகிறது, இன்னோரிடத்தில் எலெக்ட்ரான் பறிக்கப்படுகிறது. 1977-இல் ஃபிராங்க் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, இந்தப் பொடியும் வெளிச்சமும் இருந்தால் தண்ணீரிலுள்ள சயனைடு என்ற நஞ்சைச் சிதைக்கலாம் என்று காட்டினார். சாயத்தை ஒளியால் சிதைக்கிறோம் என்று இன்று எம்.எஸ்சி. மாணவர்கள் செய்யும் பிராஜெக்ட்டுகளுக்கெல்லாம் அடித்தளம் இந்த யோசனைதான்.

ஆனால் நம் சாயத் தண்ணீருக்கு இது உடனடி மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் புற ஊதா ஒளிதான் வேண்டும், சூரிய ஒளியில் அது நூற்றுக்கு ஐந்து பங்கு கூடத் தேறாது. அடர் நிறச் சாயத் தண்ணீரோ இருக்கிற ஒளியையும் மேலேயே விழுங்கிவிடும், துகளுக்குப் போய்ச் சேராது. கண்ணாடிக் குவளையில் வேலை செய்வது தொட்டியில் செய்யாமல் போவது இதனால்தான். இந்தச் சிக்கலைத் தீர்க்கும் ஆள் தறிக்காரர் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டுமே என்பது என் ஆசை.

1989-இல் அவர் குழு கொண்டுவந்த மின்வேதி நுண்ணோக்கியையும் சொல்லாமல் விட முடியாது. தலைமுடியை விட மெல்லிய மின்முனையைக் கரைசலுக்குள் ஒரு பரப்பின் மேல் நகர்த்துவார்கள். கீழே மின்கடத்தாப் பொருள் இருந்தால் நெருங்க நெருங்க மின்னோட்டம் குறையும், கடத்தி இருந்தால் கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே பரப்பின் படத்தை வரைந்துவிடலாம். இரும்பு எங்கே துருப்பிடிக்கத் தொடங்குகிறது, உயிருள்ள செல் எதை வெளியே விடுகிறது என்பதெல்லாம் இதில் தெரிகிறது.

அவர் தன் மாணவர் லாரி ஃபால்க்னரோடு எழுதி 1980-இல் வந்த பாடநூலைத் தொடாமல் உலகத்தில் எங்கும் மின்வேதியியல் ஆராய்ச்சிக்குள் நுழைய முடியாது. அந்த ஃபால்க்னர் பின்னாளில் அதே டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தலைவராகவே ஆனார். பார்டோ 1982 முதல் 2001 வரை அமெரிக்க வேதியியல் கழக இதழின் முதன்மை ஆசிரியர், 2008-இல் உல்ஃப் பரிசு, பிறகு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம், ஃபெர்மி விருது. நோபல் மட்டும் வரவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இந்த வருடம் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஒளிர்வை நேரிலேயே காட்டிவிடலாம் என்றிருக்கிறேன். ருத்தேனியம் நமக்குக் கட்டுப்படியாகாது, லூமினால் என்ற சேர்மம் போதும். காரக் கரைசலில் லூமினாலைக் கரைத்து, கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு, கிராஃபைட் குச்சிகள் இரண்டை இறக்கி, இரண்டு டார்ச் பேட்டரி கொடுத்தால் நேர்முனை நீலமாக ஒளிரும். லூமினாலில் இப்படி ஒளி வருவதை ஹார்வி என்பவர் 1929-இலேயே பார்த்திருக்கிறார். லூமினாலுக்குச் சென்னையில் சொல்லி வைத்திருக்கிறேன். நகரி, புத்தூர் பக்கம் இருக்கும் பிளஸ் டூ, டிகிரி பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் வரலாம், லூமினால் வந்து சேர்ந்ததும் தேதி போடுகிறேன்.