ஆறு லட்சத்துக்கு ஒரு விஸ்காம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே அக்கா போன் பண்ணிவிட்டாள். "ஏல, இவ விஸ்காம் படிக்கணுங்கா, அதுவும் மெட்ராஸ்லதான் படிப்பேங்கா, வருசத்துக்கு ரெண்டு லட்சமாம், லோன் போடலாம்னு சொல்லுதா. நீயும் அதத்தான படிச்ச, வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ." விஸ்காம் என்றால் விஷுவல் கம்யூனிகேஷன், கேமரா, எடிட்டிங் எல்லாம் சொல்லித்தருகிற படிப்பு. ஞாயிற்றுக்கிழமை சேர்மாதேவிக்குப் போனேன். அக்கா மடியில் சுளவை வைத்துக்கொண்டு பீடி சுத்திக்கொண்டிருந்தாள், அவள் மகள், எனக்கு மருமகள், போனில் அந்தக் கல்லூரியின் ஸ்டூடியோவைக் காட்டினாள். பச்சைத் திரை, கிரேன், வரிசையாகக் கேமரா. இப்படித்தான் எனக்கும் காட்டினார்கள்.

என் கதை இதுதான். 2013-ல் 4 லட்சம் கடன் போட்டுச் சென்னையில் சேர்ந்தேன். 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள், நம் கையிலிருந்தும் ஒரு பங்கு போட வேண்டாம், அதனால் சும்மா கிடைத்த பணம் மாதிரியே இருந்தது. படித்து முடித்து ஒரு செய்தி சேனலில் ட்ரெயினியாகச் சேர்ந்தபோது சம்பளம் 12,000. நாலு பேர் தங்கிய அறையில் என் பங்கு 4,000. வட்டியெல்லாம் சேர்ந்து 2017-ல் தவணை தொடங்கியபோது மாதம் 7,800 வந்தது. கூட்டிப் பாருங்கள், மிச்சம் 200 ரூபாய். அதில்தான் சாப்பாடு, பஸ், போன் ரீசார்ஜ் எல்லாம். பாதித் தவணையை அப்பாதான் கட்டினார், யாரிடமும் சொல்லவில்லை.

ஒருமுறை இரண்டு மாதம் தொடர்ந்து தவறிவிட்டது. வங்கியிலிருந்து எனக்கு வந்த போனை நான் எடுக்கவில்லை, அப்பாவுக்கு அடித்துவிட்டார்கள். கல்விக் கடனில் அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள், பிள்ளை கட்டாவிட்டால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்துப் போடுகிற சிபில் மதிப்பெண் இரண்டு பேருக்கும் சேர்ந்துதான் இறங்கும். அப்பா டீக்கடையில் நாலு பேர் மத்தியில் உட்கார்ந்திருந்தபோது அந்த போன் வந்திருக்கிறது. "ஒண்ணுமில்லடே, ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாராம். இதைச் சித்தப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சரி, மருமகள் கணக்குக்கு வருவோம். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினேன். வருடத்துக்கு 2 லட்சம், மூன்று வருடம், வட்டி பத்தரை சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். படிக்கிற காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை இல்லை என்பார்கள், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். தனி வட்டிதான் என்றாலும் அந்த நாலு வருடம் முடியும்போது 1,89,000 ஏறியிருக்கும், ஆக 7,89,000. பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் 10,650 பக்கம், மொத்தம் 12 லட்சத்து 78 ஆயிரம். பதினைந்து வருடமாக நீட்டினால் மாதம் 8,700 ஆகக் குறையும், மொத்தமாகப் பதினைந்தே முக்கால் லட்சம் பக்கம் போகும். வருமான வரியில் ஒரு சலுகை உண்டு, கட்டுகிற வட்டிக்குக் கழிவு, பழைய வரிமுறையில் மட்டும். முதல் வேலையில் பதினெட்டாயிரம் வாங்குகிறவனுக்கு வரியே கிடையாது, பிறகு எதிலிருந்து கழிப்பது?

"சென்னைல படிச்சா காண்டாக்ட் கிடைக்கும்லா மாமா?" என்றாள். கிடைக்கும், பொய் சொல்லக் கூடாது, எனக்கு முதல் வேலையே ஒரு சீனியர் சொல்லித்தான் கிடைத்தது. ஆனால் போன இடத்தில் ஒருவர்கூட மார்க் ஷீட்டைக் கேட்கவில்லை, பென் டிரைவில் என்ன வைத்திருக்கிறாய் என்றுதான் கேட்டார்கள். அந்தப் பென் டிரைவை நிரப்ப சென்னை வேண்டியதில்லை, தாமிரபரணிக் கரையிலேயே வருடம் முழுக்க எடுத்தாலும் தீராது.

படிப்பு மோசம் என்று நான் சொல்லவே இல்லை. இன்ஜினியரிங் போ, நர்சிங் போ என்று அட்வைஸ் பண்ணுகிற கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். செய்தியை விட விளம்பர ஏஜென்சி, கம்பெனிகளின் விளம்பரப் பிரிவு இங்கெல்லாம் கொஞ்சம் நன்றாகவே கொடுக்கிறார்கள். என் சண்டை ஆறு லட்சத்தோடுதான். முதல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போனால் அந்தக் கடன் வேண்டாம் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு.

பாளையங்கோட்டையில் அதே விஸ்காம் இருக்கிறது. ஒன்று மட்டும் விசாரித்துக்கொள்ள வேண்டும், பழைய அரசு உதவிபெறும் கல்லூரியிலும் இந்த மாதிரிப் படிப்பு பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கும், கல்லூரியின் பெயரைப் பார்த்து அரசுக் கட்டணம் என்று நினைத்துவிடக் கூடாது. அப்படி இருந்தாலும் சென்னைக் கட்டணத்துக்குப் பக்கத்தில் வராது. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. லீவு நாளில் சென்னைக்கு இன்டர்ன்ஷிப் போகட்டும், நெல்லை எக்ஸ்பிரஸ் எங்கே ஓடிப் போகிறது? மேலே படிக்கணும் என்றால் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

நான் இப்போது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் பண்ணுகிறேன். ஆடியில் ஈ ஓட்டுவேன், தையில் தூங்க நேரம் இருக்காது. ஆவணி முகூர்த்தத்துக்கே இவளைக் கூட்டிப் போனால் இரண்டாம் வருடத்தில் கைச்செலவுக்குச் சம்பாதித்துவிடுவாள்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. காலண்டர் தாளை வாங்கி அந்த 12 லட்சத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள், மறுபடி இலை வெட்டக் கத்தரியை எடுத்துக்கொண்டாள். மருமகள் முகம் வாடித்தான் இருந்தது. திங்கட்கிழமை பாளையங்கோட்டைக்குப் போய் விசாரிப்போம் என்றேன், சரி என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். நான் பைக்கை எடுக்கும்போது வாசலுக்கு வந்து, "உங்க பழைய கேமராவ எனக்குத் தருவியளா மாமா?" என்றாள்.

கேமரா தருவேன், லென்ஸ் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.