வண்டியைப் பார்க்க வருகிறார்கள், காலைப் பார்க்க யாரும் வருவதில்லை

மலையக வீதியில் ஒரு வண்டி மோதிவிட்டது, அது ஃபுல் இன்சூரன்ஸ் போட்ட வண்டி என்றால், சாரதி உடனே காப்புறுதி நிறுவனத்துக்குத்தான் கோல் எடுப்பார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்துவிடுவார். நாலு பக்கமும் படம் எடுப்பார். பம்பர், லைட், கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வார். 1990 சுவசெரிய அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போன பயணியின் உடைந்த காலைக் குறித்துக்கொள்ள மட்டும் எந்த நிறுவனத்திலிருந்தும் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. அதை அந்தப் பயணியோ வீட்டாரோதான் செய்ய வேண்டும். அப்படி ஒரு வேலை தங்களுக்கு இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. ஹட்டனில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் விபத்துக் கோப்புகளைத் தயார்செய்கிற எனக்கு இந்த ஆதங்கம் ஆறவே இல்லை.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிற ஓர் அக்காவின் மகள் வந்திருந்தாள். கிளினிக் போய்விட்டுத் திரும்பும்போது வளைவில் ஓட்டோ புரண்டு, அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் உறையில் எக்ஸ்ரே படங்களும் டயக்னோசிஸ் கார்டும் பத்திரமாக இருந்தன. அவற்றோடு அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள். 'இருபதாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று யாரோ எழுதி, அடியில் அம்மா கையொப்பம் வைத்திருந்தார். வார்டு கட்டிலில் படுத்திருக்கும்போதே வாங்கிய கையொப்பம்.

அவருக்கு ஆறு மாதம் கொழுந்து பறிக்க மலைக்குப் போக முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். மாதம் இருபத்தைந்து நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதத்துக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் வருகிறது. கம்பியை எடுக்க மறுபடியும் போக வேண்டும், கிளினிக் போய்வரக் காசு வேண்டும், வீட்டில் சமைத்துப்போட ஆள் வேண்டும். இதெல்லாம் அந்த இருபதாயிரத்துக்குள் அடங்குமா?

ஏன் கையொப்பம் வைத்தீர்கள் என்று பிறகு நேரில் கேட்டேன்.

"ஓட்டோ ஓட்டினவன் நம்ம லயத்துப் பையன் மிஸ். வண்டிக்கு லீசிங் கட்டிக்கிட்டிருக்கான். நான் கேஸ் போட்டா அவன் புள்ளைங்க என்னா செய்யும்?"

இந்த மனசை நான் குறைசொல்லவே மாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வண்டியால் யாருக்காவது காயமோ மரணமோ ஏற்பட்டால் அந்தச் சுமை உரிமையாளரின் தலையில் மட்டும் விழக்கூடாது, பாதிக்கப்பட்டவரும் வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது இல்லாமல் வண்டிக்கு வருட லைசன் எடுக்க முடியாது. பையனும் ஒவ்வொரு வருடமும் அந்தக் காசைக் கட்டித்தான் வந்திருக்கிறான். அக்கா கேட்க வேண்டியது அந்தக் காப்புறுதிப் பணத்தை. பையனின் பிள்ளைகளுடைய சோற்றை அல்ல.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். பையனின் காப்புறுதிப் பத்திரத்தில் பாவனை என்ற இடத்தில் 'சொந்தப் பாவனை' என்று இருந்தது. ஹயர் ஓடுகிற வண்டிக்குப் பிரீமியம் கூட என்பதால் எங்கள் பக்கம் பலர் இப்படித்தான் போடுகிறார்கள். விபத்து நடந்தவுடன் பயம் பிடித்துக்கொள்கிறது. காசுக்கு ஏற்றினேன் என்று சொன்னால் நிறுவனம் கைவிரித்துவிடும் என்று நினைத்து, பயணியிடம் "காசு குடுக்கல, சொந்தக்காரங்கன்னு சொல்லுங்க அக்கா" என்று கெஞ்சுகிறார்கள். பயணியும் பாவம் என்று பொலிஸில் அப்படியே சொல்லிவிடுகிறார். அந்த வாக்குமூலம் கோப்பில் ஏறிவிடும். பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் 'நான் வாடகைக்குப் போனேன், இவ்வளவு கொடுத்தேன்' என்று சொல்ல வரும்போது அவருடைய வார்த்தையே அவருக்கு எதிராக நிற்கும். வாடகைப் பாவனைக்குக் காப்புறுதி போட்டிருக்கிறதா, பயணிகளுக்கான பொறுப்பும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று சாரதிகள் பத்திரத்தை ஒருதடவை எடுத்துப் பார்க்க வேண்டும். கூடுதல் பிரீமியத்தை மிச்சம்பிடித்துவிட்டு விபத்தன்று பொய்ச்சாட்சி தேடுகிற நிலைமை அவர்களுக்கும் நல்லதல்ல.

பிக்மீ, ஊபர் போன்ற செயலிகளில் ஏறியவர்களின் கோப்பு இந்த இடத்தில் கொஞ்சம் லேசு. இரண்டும் 2015இல் இலங்கையில் ஓடத் தொடங்கின. கண்டி டவுனில் இன்று இவை சர்வசாதாரணம். தோட்டப் பக்கம் இன்னும் ஸ்டாண்ட் ஓட்டோதான். செயலியில் எத்தனை மணிக்கு ஏறினோம், எங்கிருந்து எங்கே, வண்டி இலக்கம், சாரதியின் பெயர், கட்டணம் எல்லாம் பதிவாகிவிடும். வாடகைப் பயணமா இல்லையா என்று வாதாட இடமில்லை. ஆனால் பல சாரதிகள் வந்து நின்றதும் "கேன்சல் பண்ணிடுங்க, அதே காசுக்கு நேரா போவோம்" என்பார்கள். கமிஷன் மிச்சம் அவர்களுக்கு. நமக்கு என்ன மிச்சம்? அந்த நிமிடத்திலிருந்து நம் பயணத்துக்குச் சாட்சி இல்லை. என் தங்கச்சி பேராதனையில் படிக்கிறாள். எவ்வளவு அவசரமென்றாலும் கேன்சல் பண்ணி ஏறாதே என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டில் இதற்கென்றே சட்டம் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2014இல் இயற்றிய சட்டம் செயலி வண்டியின் நேரத்தைக் கட்டங்களாகப் பிரித்தது. சாரதி செயலியைத் திறந்து அழைப்புக்காகக் காத்திருக்கும்போது காப்புறுதித் தொகை குறைவு. அழைப்பை ஏற்ற நிமிடத்திலிருந்து பயணியை இறக்கிவிடும்வரை பத்து இலட்சம் டொலர் வரையான பொறுப்புக் காப்புறுதி இருந்தாக வேண்டும். தொகையை விடுங்கள், இங்கே அந்த அளவுக்கு யாரும் கேட்கவில்லை. பயணி வண்டிக்குள் இருக்கும் நேரத்துக்கு யார் பொறுப்பு என்பதைச் சந்தேகமில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்களே, அதுதான் நமக்கும் வேண்டும்.

நம் ஆட்களை அதிகம் ஏமாற்றுவது 'கேஸ் முடிஞ்சிருச்சு' என்ற பேச்சு. நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் போடும் வழக்கு வேறு. சாரதி குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டப்பணம் கட்டினால் அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகும். காயப்பட்டவர் தன் நட்டத்துக்காகக் கேட்பது மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்கு. அதை விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். அதோடு, வழக்குப் போடுவதற்கு முன்போ, போட்டு ஏழு நாளைக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தீர்ப்பு நம் பக்கம் வந்தாலும் நிறுவனத்திடமிருந்து பணம் வாங்க முடியாது. இந்த ஏழு நாளை எங்கள் அலுவலகச் சுவரிலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

2025 மே மாதம் கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடே பேசியது. ஓட்டோ புரண்டு ஒருத்தரின் கால் போனால் பத்திரிகையில் ஒரு வரிகூட வராது. அவருக்கு இருப்பதெல்லாம் காகிதம் மட்டும்தான். அதனால்தான் வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எவ்வளவு சொந்தமானாலும் பொலிஸில் முறைப்பாடு பதிவாகட்டும், இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, காயங்களைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுகிற சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வண்டி இலக்கத்தையும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசனையும் காப்புறுதிச் சான்றிதழையும் போனில் படம் எடுங்கள். முறிந்த இடத்தை, தெரிந்த நாட்டு வைத்தியர் ஒருவரிடம் எண்ணெய் போட்டுக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டு மூன்று மாதம் கழித்து வந்தால், அந்த விபத்தில்தான் முறிந்தது என்று நிரூபிக்க நாங்கள் படாத பாடு படுகிறோம்.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி என்பதை நினைவில் வைத்து, தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் வாசித்துக் காட்டி விளங்கவைத்த பிறகு கையொப்பம் வையுங்கள். வழக்குக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டது, யாரென்றே தெரியவில்லை என்றால்கூட வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையில் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

அந்த அக்காவுக்கு இரண்டு வருடம் இன்னும் முடியவில்லை. காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். அப்பியாசக் கொப்பித் தாளை எதிர்த்தரப்பு முதல் நாளே நீட்டும், அதற்குப் பதில் தயாராகிக்கொண்டிருக்கிறது. பையனும் போன வாரம் அலுவலகத்துக்கு வந்தான். காசுக்குத்தான் ஏற்றினேன் என்று சாட்சி சொல்வதாகச் சட்டத்தரணி ஐயாவிடம் சொல்லிவிட்டு, வாடகைப் பாவனைக்குக் காப்புறுதியை மாற்ற எவ்வளவு கூடும் என்று என்னிடம் விசாரித்தான்.