ராணுவக் காகிதங்களும் பாட்டிகளின் வாய்மொழியும்

ஜப்பான் ராணுவம் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பெண்களைப் பற்றி ஆகஸ்ட் 14 கூட்டத்தில் பேசுகிறேன் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் ஒப்புக்கொண்டேன். 1991-ல் அதே தேதியில்தான் கிம் ஹாக்-சுன் என்ற கொரியப் பாட்டி சியோலில் நிருபர்கள் முன் உட்கார்ந்து, பெயரையும் முகத்தையும் மறைக்காமல், 17 வயதில் சீனாவில் அந்த ராணுவத்திடம் சிக்கித் தான் பட்டதைச் சொன்னார். அப்போது அவருக்கு 66 வயது. அவரைப் பார்த்து பிலிப்பைன்ஸ், தைவான், இந்தோனேசியா, சீனா என்று பல நாட்டுப் பெண்கள் வாய் திறந்தார்கள். ஜாவாவில் சிக்கிய டச்சுப் பெண்களும் பேசினார்கள்.

எனக்கு ஜப்பானிய மொழியும் தெரியாது, கொரிய மொழியும் தெரியாது. என்னைப் போன்றவர்கள் எங்கிருந்து தொடங்குவது? நான் ராதிகா குமாரசுவாமியின் ஐ.நா. அறிக்கையில் தொடங்கினேன். இலங்கைத் தமிழரான அவர் 1995 ஜூலையில் சியோலுக்கும் டோக்கியோவுக்கும் போய் விசாரித்து, 1996-ல் அதை மனித உரிமை ஆணையத்துக்குத் தந்தார். நடந்தது ராணுவப் பாலியல் அடிமைமுறை, ஜப்பான் அரசு சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும், ஒவ்வொரு பெண்ணிடமும் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று திட்டவட்டமாக எழுதினார். கொரியாவில் பெண்களைத் தானே பிடித்துக்கொண்டு போனதாக எழுதிய யோஷிதா செய்ஜி என்ற ஜப்பானியரின் கதை அதில் எடுத்தாளப்பட்டிருந்தது, பின்னால் அது பொய் என்று தெரிந்தது. அதைச் சாக்காக வைத்து 2014-ல் ஜப்பான் அரசு அறிக்கையைத் திருத்தச் சொன்னது, அவர் மறுத்துவிட்டார். மறுத்தது சரிதான். அந்த ஒரு ஆளை நம்பி எழுதிய அறிக்கை அல்ல அது. அந்தப் பெண்களே அதில் பேசுகிறார்கள். ஆனாலும் என் பேச்சில் யோஷிதாவை நான் சேர்க்கவில்லை.

அடுத்து எடுத்ததுதான் என்னை நாள் கணக்கில் பிடித்து வைத்துக்கொண்டது: அமெரிக்க ராணுவத்தின் விசாரணை அறிக்கை எண் 49. 1944 ஆகஸ்ட்டில் பர்மாவின் மிச்சினா வீழ்ந்தபோது 20 கொரியப் பெண்கள் அமெரிக்கர்களிடம் பிடிபட்டார்கள். அவர்களை விசாரித்த இடம் அஸ்ஸாமில் இருக்கும் லேடோ. 1942-ல் பர்மாவிலிருந்து நம் ஆட்கள் கால்நடையாக அஸ்ஸாம் பக்கம் வந்த கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அதே 1942 ஆகஸ்ட்டில் 703 பெண்கள் ரங்கூனில் கப்பலிலிருந்து இறக்கப்பட்டார்கள் என்பது புதிய செய்தி.

தரகர்கள் இந்தப் பெண்களிடம் சொன்னது ஆஸ்பத்திரி வேலை: காயம்பட்டவர்களைப் பார்க்க வேண்டும், கட்டுத்துணி சுற்ற வேண்டும். குடும்பக் கடனை அடைக்கலாம், சிங்கப்பூரில் புது வாழ்க்கை கிடைக்கும் என்றும் ஆசை காட்டினார்கள். சில நூறு யென் முன்பணம். நம்மூர் செங்கல் சூளைகளில் முன்பணம் வாங்கிய குடும்பங்களின் நிலைமை தெரிந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட கயிறு என்று புரியும். அறிக்கையிலேயே கட்டண விவரம் இருக்கிறது. காலை 10 முதல் மாலை 5 வரை சிப்பாய்கள், ஒன்றரை யென். 9 மணி வரை அடுத்த படிநிலையில் உள்ளவர்கள், 3 யென். அதற்கு மேல் நள்ளிரவு வரை அதிகாரிகள், 5 யென். வருமானத்தில் பாதிக்குக் குறையாமல் விடுதி நடத்தியவருக்குப் போனது.

விசாரித்தவர் இந்தப் பெண்களைச் சிறுபிள்ளைத்தனமானவர்கள், சுயநலக்காரிகள் என்று எழுதுகிறார். மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் பர்மாவில் கிட்டத்தட்ட ஆடம்பரமாக வாழ்ந்தார்களாம். இது அடிமைமுறையே இல்லை என்று இன்றைக்கும் மறுப்பவர்கள் தூக்கிப் பிடிப்பது இந்த வரிகளைத்தான். சராசரி வயது சுமார் 25 என்றும் போட்டிருக்கிறார். பின்னிணைப்பில் 20 பேரின் வயதும் இருப்பதால் பென்சிலை எடுத்துக் கூட்டினேன். சராசரி 23-தான் வருகிறது. அதுவும் பிடிபட்டபோது இருந்த வயது. இரண்டு வருடத்தைக் கழித்தால், கொரியாவிலிருந்து கிளம்பியபோது 12 பேர் 21-ஐத் தொடாதவர்கள், ஒருத்திக்கு 17. அந்த வயதுப் பெண்கள் சம்மதித்தாலும் இந்தத் தொழிலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று 1921-லேயே சர்வதேச ஒப்பந்தம் இருந்தது. ஜப்பானும் அதில் சேர்ந்திருந்தது, ஆனால் கொரியா, தைவான் போன்ற காலனிகளை அதற்கு வெளியே நிறுத்திவிட்டது. அப்புறம் அந்த அறிக்கையை நான் படித்த விதமே மாறிப்போனது. ஒரு வரியைப் பார்த்தால், இதைச் சொன்னது அந்தப் பெண்ணா, எழுதிய அதிகாரியா என்று கேட்காமல் நகர முடியவில்லை.

ஜப்பானிய ஆவணங்களுக்கு ஆசிய வரலாற்று ஆவண மையத்தின் இணையதளம் இருக்கிறது. மூலப் பக்கங்களின் படங்களையே இலவசமாகப் பார்க்கலாம். ஆங்கிலத்திலும் தேடலாம், பக்கத்தைப் படிக்கத்தான் மொழி தெரிந்த ஒருவரின் துணை வேண்டும். எனக்கு ஒரு தோழி உதவினார். 1938 மார்ச் 4 தேதியிட்ட போர் அமைச்சகச் சுற்றறிக்கையை அங்கே பார்த்தேன். பெண்களைத் திரட்டும் ஆட்களைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள், உள்ளூர் போலீசோடும் ராணுவப் போலீசோடும் சேர்ந்து செய்யுங்கள், ராணுவத்தின் பெயர் கெடக் கூடாது என்கிறது அது. எல்லாம் தனியார் செய்த வேலை என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தபோது, யோஷிமி யோஷியாகி என்ற வரலாற்றாசிரியர் ராணுவ நூலகத்தில் இதைத் தேடியெடுத்தார். 1992 ஜனவரியில் பத்திரிகையில் வந்தது. அடுத்த ஆண்டு, அமைச்சரவைத் தலைமைச் செயலர் கோனோ வெளியிட்ட அறிக்கையில் ராணுவத்தின் பங்கை அரசே ஒப்புக்கொண்டது.

எத்தனை பெண்கள் என்று கேட்டால், மதிப்பீடுகள் 20,000-லிருந்து 4 லட்சம் வரை போகின்றன. 1945-ல் ஜப்பான் சரணடைந்த நாட்களில் ராணுவக் காகிதங்களை எரித்தார்கள். எரித்த பிறகு, ஆதாரம் காட்டு என்று 70 வயதுப் பாட்டிகளைக் கேட்பது கொடுமை இல்லையா?

வாய்மொழிகளைப் படிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ராத்திரியில் படிப்பதை நிறுத்திவிட்டேன். பகலில், ஒரு வாக்குமூலம் முடிந்தால் அன்றைக்கு அதோடு சரி. ஒரே பெண் வேறு வேறு வருடங்களில் சொன்னதில் தேதியும் இடமும் மாறுவது உண்டு. பாஷை தெரியாத ஊரில் லாரியில் ஏற்றிக் கொண்டுபோன பெண்ணுக்கு ஊர்ப்பெயர் எப்படித் தெரியும்? கதவு, பாய், வரிசையில் நின்ற பூட்ஸ் கால்கள் என்று உடம்பு கண்டது நினைவில் நிற்கிறது. அதனால் கூட்டத்தில் பேசும்போது காகிதத்தை வைத்து அவர்கள் சொன்னதைச் சரிபார்ப்பதுபோல் பேசவில்லை. ராணுவம் இதை எப்படி நடத்தியது என்பதற்குச் சுற்றறிக்கை, அது என்னவாக இருந்தது என்பதற்கு அவர்களுடைய பேச்சு என்று இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தேன். எதிர்பார்த்தபடியே ஒரு பெரியவர் ஆதாரம் கேட்டார். 1938 பக்கத்தைத் திரையில் போட்டேன். கூர்ந்து பார்த்துவிட்டு, முத்திரைகள் யாருடையவை என்று விசாரிக்க ஆரம்பித்தார். துணை அமைச்சர் வரைக்கும் ஒப்புதல் தந்த காகிதம் அது என்று சொன்னேன்.

இப்போது மாபானிக்கி பெண்களின் வழக்கைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1944 நவம்பர் 23 அன்று பிலிப்பைன்ஸில் அந்தக் கிராமத்தை ஜப்பான் ராணுவம் தாக்கி, பெண்களை 'சிவப்பு வீடு' என்ற பெரிய வீட்டில் அடைத்து வன்கொடுமை செய்தது. தங்கள் நாட்டு உச்ச நீதிமன்றமும் கைவிட்ட பிறகு, அவர்களில் 24 பேர் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழுவிடம் போனார்கள். போரில் சண்டையிட்ட வீரர்களுக்கு ஓய்வூதியமும் சலுகைகளும் இருக்கின்றன, இந்தப் பெண்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்று எடுத்துக்காட்டிய குழு, பிலிப்பைன்ஸ் அரசு அவர்களுக்கு முழு நிவாரணம் தர வேண்டும் என்று 2023 மார்ச்சில் முடிவு சொன்னது. அந்த முடிவின் நகல் ஐ.நா. தளத்தில் கிடைக்கிறது, புதிதாகப் படிக்க வருபவர்கள் அதையும் எடுத்துப் படியுங்கள்.