முன்பணமும் ஸ்டூலும்

மதுரையில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையைப் பற்றி என்னோடு இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் முதலாளி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவார். இன்னொருவர் அந்தத் தெருவில் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

ஜூன் மாதம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு முன்பணம் கேட்டால் முதலாளி முகம் சுளித்ததில்லை. சேலைப் பிரிவு அக்கா ஒருவரின் கணவர் விபத்தில் அடிபட்டபோது, ஆஸ்பத்திரிக்கு நேரில் வந்து பணம் கட்டினார். தீபாவளி நேரத்தில் கடை சாத்த இரவு 11 மணி தாண்டும். பெண்கள் எல்லோரும் வேனில் வீடு சேர்ந்துவிட்டார்களா என்று டிரைவரிடம் கேட்காமல் அவர் கிளம்ப மாட்டார்.

அதே கடையில்தான் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருந்தோம். பிற்பகல் மூன்று மணிக்கு ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். அப்போதும் உட்காரக் கூடாது. அலமாரியில் சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு இன்டர்காமில் கூப்பிடுவார்கள். மடித்து வைத்த சட்டையையே பிரித்து மறுபடி மடிப்போம், சும்மா நிற்பதாகத் தெரியக் கூடாது என்பதற்காக. கழிப்பறை மேல்மாடியில் இருந்ததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். நரம்புச் சுருட்டல் இல்லாத கால்களை மூத்தவர்களிடம் தேடித்தான் பார்க்க வேண்டும். வெள்ளை விரித்த மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சேலை விரித்துக் காட்டிய பழைய கடைகளை நினைத்தால் வேடிக்கையாக இருக்கும். அங்கே உட்கார்ந்திருந்ததால் வியாபாரம் படுத்துவிடவில்லையே.

கேரளத்தில் கோழிக்கோடு, திருச்சூர் ஜவுளிக்கடைப் பெண்கள் வேலை நேரத்தில் உட்காரும் உரிமைக்காகவே போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. நம் சட்டப்பேரவையில் 2021 செப்டம்பரில் மசோதா வந்தது. 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பழைய சட்டத்தில் கடை ஊழியருக்கு நாளுக்கு 8 மணி நேர வேலை என்றும் எழுதியிருக்கிறது. அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவும் இல்லை.

கடைக்கு ஸ்டூல்கள் வந்தன, இரண்டு கவுண்டருக்கு ஒன்று வீதம். இரண்டாம் தள மேற்பார்வையாளர், விற்பனைப் பெண்ணாக இருந்து மேலே வந்தவர். “ஆள் இல்லாதபோது உட்காருங்கள், வந்தால் எழுந்திருங்கள். இதற்கெல்லாம் என்னிடம் வந்து கேட்காதீர்கள்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். முதல் தளத்திலோ ஸ்டூல்களின் மேல் சரக்குப் பெட்டிகள் ஏறின. சட்டைப் பிரிவுத் தம்பி ஒருவன் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தான். “உட்கார்ந்து சம்பளம் வாங்க வந்தாயா?” என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்டார் அந்தத் தள மேற்பார்வையாளர்.

அவனோடு நானும் முதலாளியிடம் போனேன். அவன் சட்டத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறியது. “கால் வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் நானே உட்காரச் சொல்லியிருப்பேனே தம்பி, சட்டம் எதற்குப் பேசுகிறாய்?” என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. ஆயிரக்கணக்கில் அள்ளிக் கொடுத்த மனிதருக்கு, ஒரு ஸ்டூலை உரிமை என்று கேட்டது பொறுக்கவில்லை. உதவியாகக் கேட்டிருந்தால் இரண்டாகவே தந்திருப்பார்.

முன்பணத்துக்கும் இன்னொரு முகம் உண்டு. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். தீரும்வரை வேறு கடைக்குப் போக முடியாது. முன்பணப் பாக்கி வைத்திருந்த ஒருவர்கூட மேற்பார்வையாளர் மீது புகார் சொல்லி நான் பார்த்ததில்லை. முதலாளி இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படித்தான் நடந்தது.

அந்தத் தம்பிக்குப் பாக்கி எதுவும் இல்லை. ஆடித் தள்ளுபடி முடிந்ததும் செல்போன் கடை ஒன்றுக்குப் போய்விட்டான். அங்கே உட்கார நாற்காலி உண்டு, ஆனால் மாத இலக்கை எட்டாவிட்டால் ஊக்கத்தொகை கிடையாதாம். இரண்டாம் தளத்தில் மட்டும் பழைய முகங்களே நெடுநாள் இருந்தன. அந்தத் தள மேற்பார்வையாளர் அக்காவும் இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். அவர் இடத்துக்கு முதல் தள மேற்பார்வையாளரையே மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்வி.