ழான் கூஜோன் தெருத் தேவாலயம்

பாரிசை ஒட்டிய அல்ஃபோர்வில்லில் வீடு எடுத்தபோது, அது தலைமுறைகளாக ஆர்மேனியர்கள் வாழ்ந்துவரும் ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. வாடகை கட்டுப்படியானது, ரயில் நிலையமும் பக்கம். குடிவந்த வாரமே எதிர்வீட்டுப் பாட்டி திராட்சை இலையில் சோறு பொதிந்து கொண்டுவந்தார். அரசாங்கப் படிவங்களை எப்படி நிரப்புவது, எந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைப்பது என்று சொல்லித் தந்ததும் அவர்தான். காகிதத்தின் அருமை அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். அவருடைய அம்மா சிறுமியாக, அநாதையாக, 1920களில் மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கியவர். நாடற்றவர்களுக்குக் கொடுத்த நான்சென் கடவுச்சீட்டு மட்டுமே கையில் இருந்ததாம்.

ஏப்ரலில் என்னையும் ழான் கூஜோன் தெருவில் உள்ள ஆர்மேனியத் தேவாலயத்துக்கு அழைத்துப் போனார். எண்ணெய் வணிகர் மன்தாஷெவின் பணத்தில் 1904இல் கட்டி முடித்த கோயில் அது. அதாவது, அகதிகள் வருவதற்கு முன்பே அவர்களுக்கு இங்கே ஒரு கோயில் இருந்திருக்கிறது.

1915 ஏப்ரல் 24 அன்று கான்ஸ்டான்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், ஒட்டோமன் துருக்கிய ஆட்சியாளர்கள் ஆர்மேனிய எழுத்தாளர்களையும் குருமார்களையும் கைது செய்யத் தொடங்கினார்கள். அப்புறம் ஊர் ஊராக மக்களைச் சிரியப் பாலைவனம் நோக்கி நடக்கவைத்துக் கொன்றார்கள். மாண்டவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்கிறார்கள் ஆர்மேனியர்கள். அது இனப்படுகொலை என்பதைத் துருக்கி அரசு இன்றும் மறுக்கிறது.

அந்த நாளின் நினைவுப் பூசைக்கு நான் திவசம் போல ஒன்றை எதிர்பார்த்துப் போயிருந்தேன். ஆனால் 2015இல் ஆர்மேனியத் திருச்சபை அந்த மக்கள் அனைவரையும் புனிதர்களாக அறிவித்துவிட்டது. அதனால் அவர்களுடைய ஆன்ம சாந்திக்காக இப்போது யாரும் மன்றாடுவதில்லை. எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று அவர்களிடமே கேட்கிறார்கள். பாட்டி இதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பெயர்கூடத் தெரியாமல் பாதையோரம் விழுந்துபோன தன் தாத்தாவிடம் அவர் உரிமையோடு பேசிக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து, பக்கத்திலேயே சேன் நதியோரம் நிற்கும் கோமிதாஸ் சிலைக்குப் போனோம். 2003இல் வைத்த நினைவுச் சின்னம். கோமிதாஸ் ஒரு துறவி. கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டியவர். அந்த ஏப்ரலில் கைதானவர்களில் ஒருவர். உயிர் தப்பினார், ஆனால் மனம் உடைந்துபோனது. பாரிசை அடுத்த வில்ஜுயிஃப் மருத்துவமனையில் 1935இல் இறந்தார்.

சிலையடியில் மலர் வைக்க இளைஞர்கள்தான் அதிகம் வந்திருந்தார்கள். நடந்தது இனப்படுகொலை என்று பிரான்ஸ் 2001இல் ஒரே ஒரு வாக்கியத்தில் சட்டம் இயற்றியது. அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை வருடம் இவர்கள் தெருவில் நின்றிருப்பார்கள்! வந்த நாட்டில் ஊன்றிக்கொள்வது என்றால் வேலை, வீடு, மொழி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இறந்தவர்களுக்கும் இங்கே ஓர் இடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள் இவர்கள்.

திரும்பும் வழியில் எனக்குச் சொந்த ஊர் சென்னை என்றேன். “மதராஸா!” என்று பாட்டி கையைப் பிடித்துக்கொண்டார். உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை ‘அஸ்தரார்’ 1794இல் அச்சானது அங்கேதான் என்று பள்ளியில் படித்தாராம். பாரிமுனையில் ஆர்மேனியன் தெரு இருக்கிறது, அதில் அவர்கள் கோயிலும் இருக்கிறது என்றேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதன் மணிக்கூண்டைப் படம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.