முதலில் காலைக் காட்டுங்கோ

சென்ற ஆவணியில் தேரின் பின்னே வெறுங்காலோடு கோயில் வீதியைச் சுற்றி வந்த அப்பாவுக்கு, நண்பகல் மணல் சுட்டது தெரியவேயில்லை. இரண்டு நாள் கழித்து, விறாந்தையின் சீமெந்துத் தரையில் அவர் நடந்த வழியெல்லாம் ஈரக் கறை விழுந்திருப்பதை அம்மாதான் முதலில் கண்டார். வலது பெருவிரலின் அடியில், ஒரு ரூபாய்க் குற்றி அளவில் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. பதினெட்டு வருடச் சலரோகம் (நீரிழிவு) பாதத்து நரம்புகளை அவ்வளவுக்கு மரத்துப்போகச் செய்திருந்தது.

புண்ணில் பாரம் விழக் கூடாது என்று வைத்தியர் சொன்னதை, நாங்கள் அப்பா அசையவே கூடாது என்று விளங்கிக்கொண்டோம். ஐந்து வாரம் அவர் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பவில்லை. தொடை மெலிந்தது, மருந்து ஒழுங்காகப் போட்டும் சீனி இறங்கவில்லை. தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் துணை இல்லாமலும் இரத்தத்திலிருந்து சீனியை எடுத்துக்கொள்ளும் என்பதையும், புண்ணுள்ள காலை ஊன்றாமலே உடம்பின் மற்றத் தசைகளுக்கு வேலை கொடுக்கலாம் என்பதையும் பின்னர் ஓர் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொல்லித்தான் அறிந்தோம்.

ஆனால் அந்தப் பயிற்சிக்காக எங்கள் தீவான வேலணையிலிருந்து பஸ் ஏறி, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணப் பட்டணம் போய்வந்தால், படியேறுவதும் இறங்குவதும் வரிசையில் நிற்பதும் அந்தப் புண்ணின் மேலேதான் நடக்கும். குறிகட்டுவானுக்குப் படகில் வந்து பிறகு பஸ் பிடிக்க வேண்டிய நெடுந்தீவுக்காரரின் நிலை இன்னும் கடினம். ஆகவே வைத்தியரின் சம்மதத்துடன், வாரத்தில் மூன்று நாள் கைத்தொலைபேசியின் காணொளி அழைப்பிலே பயிற்சி தொடங்கியது.

பயிற்சிக்கு முன் விரலில் குத்திச் சீனி பார்ப்போம். 90க்குக் குறைந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். 250ஐத் தாண்டினால் அன்று பயிற்சி இல்லை என்பது இயன்மருத்துவர் எங்களுக்கு வகுத்த விதி. பிறகு கைப்பிடியுள்ள கதிரையில் நிமிர்ந்திருந்து, முழங்காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குவது, தண்ணீர் நிரப்பிய போத்தல்களைக் கைகளால் தூக்குவது என்று அரை மணி நேரம் போகும். அப்பா எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சலரோகத்தால் விழித்திரை கெட்டு லேசர் சிகிச்சை பெற்றவர் மூச்சை அடக்கி முக்கினால் கண்ணுக்குக் கேடு வரலாம். வாய்விட்டு எண்ணுபவரால் மூச்சை அடக்க முடியாது. இருதயத்துக்குப் போகும் நரம்புகளும் பழுதுபட்டிருந்தால் நாடித் துடிப்பை நம்ப முடியாது என்பதால், இடையிடையே கதை கேட்டு, அப்பா தடங்கலின்றிப் பதில் சொல்கிறாரா என்று இயன்மருத்துவர் களைப்பை அளந்தார்.

நான்காம் வாரத்தில் நடந்த ஒன்றை நான் மறக்கமாட்டேன். அப்பா இடது காலை நீட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் உயரத்தில் வைத்திருந்த தொலைபேசியிலிருந்து, “ஐயா, நிப்பாட்டுங்கோ. வலது கால் நிலத்தை உந்துது” என்று குரல் வந்தது. குனிந்து பார்த்தேன். புண்ணுக்கு நேரே அடிப்பகுதி குடைந்தெடுக்கப்பட்ட தடித்த செருப்பு முன்பக்கமாகச் சரிந்திருக்க, அந்தப் பாதத்தின் முன்பகுதியைத்தான் அவர் தரையில் முண்டு கொடுத்திருந்தார். “எனக்கு ஒண்டும் தெரியேல்லையே, பிள்ளை” என்றார். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. நமக்கெல்லாம் அந்த இடத்தில் வலி என்ற ஒன்று காலை இழுத்துக்கொள்ளச் செய்யும். அப்பாவுக்கு அது இல்லாத குறையை, பட்டணத்திலிருந்த அந்த இயன்மருத்துவரின் பார்வைதான் நிரப்பியது. அன்றிலிருந்து வலது கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்த முக்காலி. குதிக்கால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்.

ஒளிப்பதிவைத் தந்து ‘இதைப் பார்த்துச் செய்யுங்கள்’ என்று விடுவதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன் புண்ணைக் கட்டிய துணியைக் கமராவுக்குக் காட்ட வேண்டும். ஒருநாள் அந்தத் துணியில் மஞ்சள் ஊறலும் கணுக்காலருகே சிவப்பும் கண்டு, பயிற்சியை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குப் போகச் சொன்னார். கிருமி ஆழத்துக்கு இறங்குமுன் மருந்து தொடங்கியது. இத்தகைய புண்களில் ஏறக்குறைய பாதியில் கிருமி தொற்றும் என்பதால் அந்த அவசரம் மிகையானதல்ல.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புண்ணை ஆற்றியது பயிற்சி என்று நான் எழுதவில்லை. பாரத்தை விலக்கியதும், இறந்த தசையை வெட்டிச் சுத்தம் செய்ததும், மருந்து கட்டியதுமே முதன்மையான சிகிச்சை. புண் திறந்திருக்கும்போது அந்தப் பாதத்தில் பாரம் ஏற்றும் எந்தப் பயிற்சியும் கூடாது. காய்ச்சல், துர்நாற்றம், கறுத்த விரல், திடீரென வீங்கிச் சூடேறிய பாதம் இவற்றில் எது இருந்தாலும் தொலைபேசியை எடுக்க வேண்டாம்; வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தை மாதக் கடைசியில் புண் மூடிவிட்டது. ஆறியவர்களில் நூற்றுக்கு 40 பேர் வரைக்கும் ஒரு வருடத்துக்குள் மீண்டும் புண் வருவதால் அழைப்புகளை நிறுத்தவில்லை. இப்போதும் தொலைபேசி ஒலித்ததும் அப்பா வணக்கம் சொல்லுமுன் செருப்பைக் கழற்றி, புதுத்தோல் மூடிய அந்த இடத்தைத் திரைக்கு நேரே பிடிக்கிறார்.