ரத்து பட்டன் எங்களிடம் இல்லை

ஒரு சின்ன ஆப்புக்கு வரும் வாடிக்கையாளர் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலை. அதிகம் வருவது ஒரே ரகம்: "ஆப்பை எப்போதோ அழித்துவிட்டேன், இன்னும் ஏன் பணம் பிடிக்கிறீர்கள்? உடனே நிறுத்துங்கள்." கோபம் நியாயம்தான். ஆனால் பிடிப்பது நாங்கள் இல்லை. பல சமயம் நிறுத்துவதும் எங்கள் கையில் இல்லை.

ஐபோனில் ஆப் ஸ்டோர் வழியாகச் சந்தா எடுத்தால் பில் போடுவது ஆப்பிள். உங்கள் கார்டு எண்ணோ ஆப்பிள் ஐடியோ எங்களுக்கு வராது. பரிவர்த்தனை எண் மட்டும் வரும். எங்கள் பக்கமிருந்து அந்தச் சந்தாவை ரத்து செய்யவோ பணத்தைத் திருப்பித் தரவோ வழியே கிடையாது. கூகுள் ப்ளேயில் அப்படியில்லை. ரசீதில் 'ஜிபிஏ' என்று தொடங்கும் ஆர்டர் எண்ணை அனுப்பினால், நாங்களே ரத்து செய்து ரீஃபண்டும் கொடுக்கலாம். "ஆண்ட்ராய்டுக்காரர்களுக்குச் செய்கிறீர்கள், எனக்கு மட்டும் ஏன் முடியாது?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். பாவம், அவர் கேட்டதிலும் தப்பில்லை.

ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. ஆப்புக்குள் இருக்கும் கணக்கை நீக்கினாலும் நிற்காது. கணக்கு தொடங்க விடும் ஆப்கள் அதை நீக்கும் வசதியையும் உள்ளேயே தர வேண்டும் என்று 2022 ஜூன் 30 முதல் ஆப்பிள் விதித்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் அந்தப் பட்டனை அமுக்கியதோடு எல்லாம் முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். கணக்கு எங்களிடம், சந்தா ஸ்டோரிடம். இதைப் பெரிய எழுத்தில் அந்தத் திரையில் போடச் சொல்லி எங்கள் டிசைனரிடம் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

சரி, எங்கே போய் நிறுத்துவது? வங்கி ஸ்டேட்மென்ட்டில் 'ஆப்பிள்.காம்/பில்' என்றிருந்தால், ஐபோன் செட்டிங்ஸில் மேலே உங்கள் பெயரைத் தொட்டு 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'. கூகுள் பெயர் இருந்தால், ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'. இரண்டும் இல்லையென்றால் அமேசான், ரோக்கு போன்ற டிவி கணக்கையோ மொபைல் பில்லையோ பாருங்கள்.

"பார்த்தேன், பட்டியலில் ஒன்றுமே இல்லை" என்று அடுத்த மின்னஞ்சல் வரும். கிட்டத்தட்ட எப்போதும் அது வேறு கணக்கு. பழைய ஜிமெயில், அலுவலக ஐடி, மகள் தன் ஐடியில் எடுத்தது. குடும்பப் பகிர்வில் பணம் போவது அப்பாவின் கார்டிலிருந்து. சந்தா இருப்பதோ மகளின் கணக்கில். அப்பா தன் போனில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. எல்லா இன்பாக்ஸிலும் ரசீதைத் தேடுங்கள். அது எந்த முகவரிக்கு வந்திருக்கிறதோ, பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் சந்தா இருக்கும்.

சிலர் இணையதளத்தில் ஒரு சந்தாவும் போனில் இன்னொன்றும் எடுத்திருப்பார்கள். ஒன்றை நிறுத்தினால் மற்றது பாட்டுக்கு ஓடும்.

கார்டை பிளாக் செய்வது எனக்குப் பிடிக்காத வழி. பணம் கிடைக்கவில்லை என்றதும் ஆப்பிள் விட்டுவிடாது, 60 நாள் வரை மறுபடி மறுபடி முயலும். நடுவில் வேறு எதற்காகவோ புது கார்டைச் சேர்த்தால், பழைய சந்தா அதில் ஏறிக்கொள்ளும்.

இலவச டிரையல் எடுத்தவர்கள், அது முடிய 24 மணி நேரம் இருக்கும்போதே ரத்து செய்துவிடுங்கள். கடைசி ராத்திரி வரை வைத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே பிடித்துவிட்ட பணத்துக்கு, ஆப்பிளின் 'ரிப்போர்ட் எ ப்ராப்ளம்' பக்கத்தில் ரீஃபண்ட் கேட்கலாம். தருவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. எங்களுக்கு எழுதுவதானால் ரசீதின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்புங்கள், யார் பில் போட்டார்கள் என்றாவது உடனே சொல்லிவிடுவேன்.